சிவப்புப் புள்ளி வைத்த இரவுகள்

எங்கள் வானியல் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆய்வுக் கட்டுரை முடிகிற இடத்தில், நிதி தந்தவர்களுக்கெல்லாம் நன்றி சொன்ன பிறகு, "மலை ஊழியர்களுக்கும் எங்கள் நன்றி" என்று ஒரு வரி சேர்ப்போம். மலையில் தொலைநோக்கிக் கூரையைத் திறந்தது யார், சமைத்தது யார், தண்ணீர் ஏற்றி வந்தது யார் என்று அதில் இருக்காது. பெயர் போடுவது வழக்கமில்லை.

நோல்ஃபா கொடோசேயோ இருபத்தாறு வருடம் அந்த ஒற்றை வரிக்குள் குடியிருந்தவர். அந்த வரி வந்த கட்டுரைகளை எண்ணியும் வைத்திருந்தார். நான் அவரைச் சந்தித்தபோது கணக்கு நூற்றுப் பன்னிரண்டு.

"நூத்திப் பன்னெண்டு தடவை நன்றி சொல்லிட்டாங்க. யாருக்குன்னு மட்டும் ஒரு தடவைகூடச் சொல்லலை" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் எண்ணாதவர்கள் அப்படிச் சிரிக்க மாட்டார்கள்.

மலைக்குக் கீழே இருக்கும் வீக்கூன்யா ஊர்க்காரர். அப்பா திராட்சைக் கொடி வெட்டும் வேலை பார்த்தவர். நோல்ஃபா மலைக்கு வந்தது இருபத்து நான்கு வயதில், தங்கும் அறைகளைத் துடைக்க. இரவெல்லாம் விழித்த ஆய்வாளர்கள் பகலில் தூங்குவார்கள் என்பதால், துணிச் செருப்பு போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். வாளியைத் தரையில் வைத்தால் சத்தம் கேட்கக் கூடாது. அப்படிச் சத்தமில்லாமல் நடந்தே கட்டுப்பாட்டு அறையில் எந்தப் பொத்தான் எதற்கு என்று பார்த்துவைத்துக்கொண்டார். ஒரு குளிர்காலத்தில் பனி பெய்து பாதை அடைத்தது. தொலைநோக்கியை இயக்குபவர் கீழே மாட்டிக்கொண்டார். மேலே ஒரு வெளிநாட்டுக்காரர், கையில் மூன்றே இரவுகளோடு, கூரைப் பொத்தானில் விரல் வைத்துக்கொண்டு நின்றார். நோல்ஃபா துடைப்பத்தோடு ஓடிவந்து அவர் கையைத் தட்டிவிட்டார்.

"மேல ரெண்டு சாண் பனி கெடக்கு. இப்பத் தொறந்தீங்கன்னா அத்தனையும் கண்ணாடி மேலதான் கொட்டும். நான் ஏறித் தள்ளிட்டு வரேன், அப்புறம் தொறங்க."

தள்ளிவிட்டு வந்து, திறந்ததும் அவரேதான். அடுத்த வருடம் துடைப்பத்தை வேறொருவரிடமும் தொலைநோக்கியை இவரிடமும் கொடுத்தார்கள்.

இது ஒரு மீட்டர் கண்ணாடி கொண்ட சிறிய தொலைநோக்கி. பக்கத்து மலைகளில் இருக்கும் பூதங்களுக்கு முன்னால் பொம்மை. ஆனால் ஒரு வேலைக்கு அது போதும். தூரத்து நட்சத்திரம் ஒன்றுக்குக் குறுக்கே அதன் கோள் கடக்கும்போது, நட்சத்திரத்தின் ஒளி நூற்றில் ஒரு பங்கு மங்கும். இரண்டு மணி நேரம் கழித்துப் பழையபடி தெளியும். அந்த மங்கலின் நடுப்புள்ளி எந்த வினாடியில் விழுந்தது என்று குறிப்பதுதான் வேலை.

நோல்ஃபாவுக்கு ஒரு கோளின் மேல் பிரியம். பட்டியலில் அதற்கு நாலு எழுத்தும் மூன்று எண்ணும் சேர்ந்த பெயர். அவர் வைத்த பெயர் குண்டன். வியாழனைவிட ஒன்றரை மடங்கு பெரிய வாயுப் பந்து. நட்சத்திரத்தை அவ்வளவு நெருங்கிச் சுற்றுவதால் வெந்து உப்பிப்போனது. ஒரு பக்கம் எப்போதும் பகல், மறுபக்கம் எப்போதும் இரவு. பகல் பக்கத்தில் இரும்பு ஆவியாகக் காற்றோடு அலைகிறது. இரவுப் பக்கம் போனதும் துளியாகி விழுகிறது. அந்தக் காற்றில் என்னென்ன இருக்கிறது என்று பெரிய தொலைநோக்கியின் நிறமாலையில் தேடுவது என் வேலை. அதற்காகத்தான் ஒன்பது வருடத்துக்கு முன் வேற்று நாட்டிலிருந்து, மலைக்குக் கீழே இருக்கும் லா செரேனா நகரத்துக்கு வந்தேன்.

குண்டனுக்கு ஒரு வருடம் என்பது நம் இருபத்தாறு மணி நேரம்.

"பாவம், தினமும் பொறந்தநாள். கேக்கு தின்னே இப்படி ஊதிப்போயிட்டான்" என்பார் நோல்ஃபா.

வந்தவர்களின் வேலை சீக்கிரம் முடிந்த இரவுகளில், மேகம் பாதி விலகிய இரவுகளில், மிச்ச நேரத்தை வீணாக்காமல் குண்டன் பக்கம் திருப்புவார். யாரும் கேட்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. பதினான்கு வருடத்தில் எண்பத்து மூன்று கடப்புகள். நேரங்களைக் கோடு போட்ட நோட்டில் எழுதிவைத்து, வருடக் கடைசியில் கணினிப் பட்டியலில் ஏற்றுவார்.

அந்தப் பட்டியல் தற்செயலாக என் கைக்கு வந்தது. பெரிய தொலைநோக்கியை எப்போது திருப்ப வேண்டும் என்று தெரிய எனக்குக் கடப்பு நேரம் தேவைப்பட்டது. எண்பத்து மூன்றையும் வருடவாரியாகச் சராசரி எடுத்து வரைபடத்தில் இட்டேன். முதல் எட்டு வருடம் சமதளம். அதன் பிறகு புள்ளிகள் மெல்லக் கீழே வளைந்தன. குண்டன் குறித்த நேரத்துக்கு முன்பே வந்துகொண்டிருந்தான். ஆறு வருடத்தில் ஒரு நிமிடத்துக்கும் மேல் முந்திவிட்டான். சுற்றுப்பாதை சுருங்கினால்தான் அப்படி நடக்கும். கோள் தன் நட்சத்திரத்துக்குள் விழுந்துகொண்டிருக்கிறது என்று பொருள். சில பத்து லட்சம் வருடத்தில் கதை முடிந்துவிடும். அப்படி விழுவது பார்க்கக் கிடைப்பது மிக அபூர்வம்.

எங்கள் குழுத் தலைவர் மாக்தா ஒசந்தோன் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். "இது யார் எடுத்த நேரம்?"

"மலையில் இருக்காங்களே, சென்யோரா நோல்ஃபா."

"எல்லாமா?"

"எல்லாம், புரொபசர்."

"அப்ப ரெண்டாவது பேரு அவங்களோடது. கூட்டத்துல பேசறதும் அவங்கதான்."

நாட்டின் வானியலாளர்கள் வருடம் ஒருமுறை கூடும் கூட்டம். அந்த முறை அன்டோஃபகாஸ்டா நகரில். பேச்சின் சுருக்கத்தை அனுப்பினோம். 'தன் நட்சத்திரத்தில் விழும் வெப்பக் கோள்' என்று தலைப்பு. மூன்று பெயர்கள், நடுவில் N. கொடோசேயோ. நோல்ஃபா அச்சான நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். அடுத்த வாரம் லா செரேனாவுக்கு இறங்கி வந்து கறுப்புக் காலணி ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போனார். மலையில் எல்லோரும் அணியும் தடித்த பூட்ஸ் தவிர அவரிடம் வேறு இருந்ததில்லையாம்.

கூட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பேச்சை ஒத்திகை பார்க்க ஒரு சனிக்கிழமை வீக்கூன்யாவில் அவர் வீட்டுக்குப் போனேன். மாலைத் தேநீர் நேரம். மேஜையில் ரொட்டி, மசித்த பால்டா என்கிற வெண்ணெய்ப்பழம், வெண்ணெய், பப்பாளி ஜாம். கணவர் எலூட்டெரியோ தபிலோ மேஜை முனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மலைக்குத் தண்ணீர் லாரி ஓட்டுபவர் அவர். இருவருமே ஒருவரையொருவர் கிழவா, கிழவி என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதிலேயே அப்படித்தானாம்.

நோல்ஃபா புதுக் காலணியைப் போட்டுக்கொண்டு, குளிர்சாதனப் பெட்டி முன்னால் நின்று பேச ஆரம்பித்தார். குண்டன், மங்கல், நடுப்புள்ளி. சரளமாகவே வந்தது. நேரத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில் எலூட்டெரியோ கையைத் தூக்கினார்.

"ஒரு சந்தேகம்."

"இது ஒத்திகை கிழவா. ரொட்டி தின்னு."

"கூட்டத்துல எவனாவது கேட்டா? ரெண்டு கடிகாரம்னியே, அது என்ன? ஒண்ணு உன்னோடது, ஒண்ணு உங்க அம்மாவோடதா?"

"ஒண்ணு உன் கையில இருக்கற கடிகாரம். ஊர்க் கடிகாரம். பூமி சுத்தறதை வெச்சு ஓடுது. பூமி கொஞ்சம் சோம்பேறி, உன்னை மாதிரி. அது பின்தங்கும்போதெல்லாம் ஊர்க் கடிகாரத்தை ஒரு வினாடி நிறுத்தி வெப்பாங்க. இன்னொண்ணு எதுக்கும் நிக்காத கடிகாரம். குண்டனுக்கு நம்ம பூமி சோம்பேறின்னு தெரியாதுல்ல? அதனால அவன் நேரத்தை நிக்காத கடிகாரத்துலதான் எழுதணும்."

"ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்?"

"ஆரம்பத்துல அறுபத்தாறு வினாடி. இப்ப அறுபத்தொம்பது. சீட்டு எழுதி ஒட்டியே வெச்சிருக்கேன்."

"அதை யாரு கூட்டறது?"

"நான்தான். ஊர் நேரத்தைப் பார்த்து, வினாடியைக் கூட்டி நோட்டுல எழுதி, கூட்டினேன்னு ஞாபகத்துக்குப் பக்கத்துல செவப்புப் பென்சில்ல ஒரு புள்ளி வெப்பேன். இப்ப அந்த வேலையில்லை. புதுக் கேமரா வந்தப்பவே, எல்லாத் திருத்தத்தையும் புரோகிராமே போட்டுக்கும்னு அதை மாட்டின பசங்க சொல்லிட்டாங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"புரோகிராம் உன்கிட்டச் சொல்லுச்சா, பசங்க சொன்னாங்களா?"

எலூட்டெரியோ கிண்டலுக்குத்தான் கேட்டார். கேட்டுவிட்டு ரொட்டியில் பால்டா தடவப் போய்விட்டார். நோல்ஃபா குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து நின்றார்.

"கேமரா எப்ப வந்தது, கண்ணு?"

"ஆறு வருஷம் முன்னாடி" என்றேன். சொன்ன பிறகுதான் வரைபடம் நினைவுக்கு வந்தது. ஆறு வருடம். ஒரு நிமிடத்துக்கும் மேல்.

"அந்தப் பட்டியலை வாங்கினப்ப நீ எதையாவது கூட்டினியா?"

"இல்லை சென்யோரா. எல்லாம் நீங்க கூட்டினதுன்னு நெனச்சேன்."

"கேட்டியா?"

கேட்கவில்லை. இந்த நாட்டில் தங்கும் அனுமதியை வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டு வாழ்பவள் நான். எந்தக் காகிதத்தையும் மூன்று முறை படிக்காமல் கையெழுத்திட மாட்டேன். அந்தப் பட்டியலின் தலைப்பில் "நேரம்" என்று மட்டுமே எழுதியிருந்தது. எந்தக் கடிகாரம் என்று அதில் இல்லை.

நோல்ஃபா காலணியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். "நோட்டெல்லாம் மலைமேல அலமாரியில கெடக்கு. கிழவன் நாளைக்குத் தண்ணி ஏத்திட்டுப் போறான், கூடப் போறேன். திங்கக்கிழமை வந்து சொல்றேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் வாயைத் தொறக்காதே."

ஞாயிறு முழுக்க நான் அறையிலேயே கிடந்தேன். என் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. புதுப்பிக்க அந்தக் கட்டுரைதான் நம்பிக்கை. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமை நோல்ஃபா வந்து, "எல்லா இரவுக்கும் புள்ளி இருக்கு கண்ணு, கவலைப்படாதே" என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். நம்ப ஆசைப்பட்டேன். நோட்டைக் காட்டுங்கள் என்று கேட்டிருக்க மாட்டேன்.

அந்த ஞாயிறு லாரியில் நடந்ததைப் பின்னால் எலூட்டெரியோ சொன்னார். நோல்ஃபா மேலே போய் எல்லா நோட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டார். இறங்கும்போது மடியில் நோட்டுகள்.

"சொல்லாட்டி யாருக்கும் தெரியாதே, கிழவி" என்றாராம் இவர்.

"தெரியாது."

"அப்புறம்?"

"பத்து வருஷம் கழிச்சு எவளாவது ஒருத்தி குண்டனைப் பார்ப்பா. அவன் விழாம அங்கேயேதான் சுத்திக்கிட்டிருப்பான். அந்த மலையில ஒருத்தி நேரம் எழுதினா, அத்தனையும் குப்பைன்னு சொல்லுவா. எண்பத்து மூணையும் சேர்த்துத் தூக்கிப் போடுவா. அதுல நான் ஒழுங்கா எழுதினதும் இருக்கு கிழவா."

"பேரு போயிடுமே. செருப்பெல்லாம் வாங்கினே."

"செருப்பு இருக்கட்டும். உன் சாவுக்குப் போட்டுக்கறேன்."

அதோடு எலூட்டெரியோ கியரை மாற்றினாராம்.

திங்கட்கிழமை காலை முதல் பேருந்தில் நோல்ஃபா வந்தார். திராட்சைப் பெட்டியில் பதினான்கு நோட்டுகள். காலில் பழைய பூட்ஸ். ஒசந்தோன் அறையில் மேஜை மேல் கிடந்ததையெல்லாம் ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு வருட வரிசையில் பரப்பினார்.

"புரொபசர், இதைப் பாருங்க. முதல் எட்டு வருஷம், ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்துல செவப்புப் புள்ளி. கூட்டியிருக்கேன். இது கேமரா வந்த வருஷம். ஏழு கடப்பு, அஞ்சு புள்ளி. வேணாம்னு சொன்னதுக்கப்புறமும் கை பழக்கத்துல கூட்டியிருக்கு. அடுத்த வருஷம் எட்டுல நாலு. அதுக்கடுத்தது ஆறுல ஒண்ணு. அப்புறம் புள்ளியே இல்லை."

ஒசந்தோன் நோட்டையும் சுவரில் ஊசியால் குத்தியிருந்த வரைபடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டென்று ஒரே நாளில் நின்றிருந்தால் வரைபடத்தில் படிக்கட்டு தெரிந்திருக்கும், நாங்களே சந்தேகப்பட்டிருப்போம். இது கொஞ்சம் கொஞ்சமாக நின்றதால் வளைவாகத் தெரிந்தது. விழும் கோளின் வளைவு போலவே.

"குண்டன் விழலை. என் பழக்கம்தான் மெள்ள மெள்ள விழுந்திருக்கு" என்றார் நோல்ஃபா.

ஒசந்தோன் உடனே ஏற்கவில்லை. அப்படி ஏற்கக் கூடியவரும் இல்லை. "கேமரா பதிவுசெஞ்ச மூலக் கோப்பு இருக்கு. அதோட ஒப்பிட்டாத்தான் தெரியும்" என்றார்.

மூன்று பேரும் மதியச் சாப்பாடு இல்லாமல் ஒப்பிட்டோம். கேமரா எழுதிவைத்தது ஊர் நேரம்தான். புள்ளி இல்லாத இரவுகளில் நோட்டும் கோப்பும் வினாடி பிசகாமல் பொருந்தின. புள்ளி வைத்த இரவுகளில் அறுபத்தொன்பது வினாடி தள்ளி நின்றன. புரோகிராம் போட்ட திருத்தம் வேறொன்று: பூமி சூரியனைச் சுற்றுவதால் ஒளி வந்து சேரும் நேரம் மாறுமே, அது. 'எல்லாத் திருத்தமும்' என்று பசங்கள் சொன்னது அதைத்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை. இரண்டாவது கடிகாரம் ஒன்று இருப்பது அவர்கள் நினைப்பிலேயே இல்லை.

விடுபட்ட வினாடிகளைச் சேர்த்தேன். வளைந்து தொங்கிய புள்ளிகள் ஒவ்வொன்றாக மேலேறி வரிசையில் உட்கார்ந்தன. எண்பத்து மூன்றும் ஒரே கோடு. பதினான்கு வருடத்தில் குண்டன் கால் நிமிடம்கூட முந்தவுமில்லை, பிந்தவுமில்லை. சுவரில் இருந்த பழைய வரைபடத்தை ஒசந்தோன் பிய்க்காமல், ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே இறக்கினார்.

"எத்தனை சுத்தமா இருக்கு" என்றார் புதுக் கோட்டைப் பார்த்து. பிறகுதான் நோல்ஃபாவின் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்கு இது எப்பத் தெரிஞ்சது?"

"சனிக்கிழமை சந்தேகம். நேத்து தெரிஞ்சது. ராத்திரி யோசிச்சேன்."

"என்ன யோசிச்சீங்க?"

"என்ன யோசிப்பேன்? பேரைத்தான். எழுதிப் பார்த்தா நல்லாத்தான் இருந்தது."

ஒசந்தோன் நோட்டுகளை ஒவ்வொன்றாக மூடி அடுக்கினார். கேட்காமல் விட்டவள் நான். சரிபார்க்காமல் கையெழுத்திட்டவர் அவர். நோட்டில் புள்ளி வைத்தவர் ஒருவர்தான்.

அன்டோஃபகாஸ்டாவில் எங்களுக்குத் தந்திருந்த கால் மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் சுருக்கம் ஏற்கனவே அச்சாகிவிட்டதால், வானியலாளர் சங்கத்தின் இதழில் திருத்தக் குறிப்பு ஒன்று வர வேண்டும். ஒசந்தோன் தானே எழுதுவதாகச் சொன்னார். நோல்ஃபா ஒப்பவில்லை.

"தப்பு என் நோட்டுல ஆரம்பிச்சது. குறிப்பும் அங்கேயிருந்துதான் வரணும்."

"நானும் பார்க்காம விட்டேனே, சென்யோரா நோல்ஃபா."

"அப்ப உங்க பேரைப் பின்னால போட்டுக்கங்க. இவளோடதையும் போடுங்க, இவளும் கேக்கலை."

நோல்ஃபா எழுதிய குறிப்பு ஒன்றரைப் பக்கம். நான் மொழியை மட்டும் திருத்தினேன். அதுவும் மூன்று இடத்தில்தான். எந்தெந்த இரவுகளில் வினாடிகள் விடுபட்டன என்று ஒரு பட்டியல், சரிசெய்த எண்பத்து மூன்று நேரங்கள், கோளின் சுற்றுப்பாதை சுருங்குவதாகத் தெரியவில்லை என்று ஒரு வாக்கியம். என் நிறமாலை வேலைக்கு அந்தப் பட்டியல் போதும். அடுத்த செப்டம்பரில் பெரிய தொலைநோக்கியைத் திருப்பியபோது, மங்கல் நோல்ஃபாவின் நேரப்படியேதான் தொடங்கியது. என் ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு நீண்டது. அதற்குப் பிறகு என்னவாகும் என்று இன்றுவரை தெரியாது.

குறிப்பின் கடைசியில் நன்றி வரி. அதை நோல்ஃபா எங்களிடம் காட்டாமல் எழுதியிருந்தார். இதழில் வந்த பிறகுதான் படித்தோம். தண்ணீர் லாரி ஓட்டும், 'அதை யார் கூட்டுவது' என்று கேட்ட எலூட்டெரியோ தபிலோவுக்கு நன்றி என்று தொடங்கியது. பிறகு மின்சாரம் பார்ப்பவர், கண்ணாடி கழுவும் இருவர், பாதையில் கல் பொறுக்குபவர், அறைகளைத் துடைக்கும் பெண்கள் நால்வர், சமையல்காரி ஸுலேமா கம்பிலாய். எல்லாம் பெயரோடு, பத்துப் பேர். நீளமாக இருக்கிறதே, 'மலை ஊழியர்கள்' என்று சுருக்கலாமா என்று இதழ் ஆசிரியர் கேட்டாராம். கூட்டிப் பார்த்துவிட்டேன், ஒரு பெயர்கூட அதிகமில்லை என்று நோல்ஃபா பதில் அனுப்பியிருந்தார்.

இதழை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். மதியம் மூன்று மணி. அங்கே அப்போதுதான் எல்லோரும் காலை வணக்கம் சொல்லிக்கொண்டு சாப்பிட வருவார்கள். இதழின் அந்தப் பக்கம் மேஜை மேஜையாகக் கைமாறிப் போயிற்று. ஒவ்வொருவரும் தன் பெயரை விரலால் தொட்டுவிட்டு அடுத்தவரிடம் தந்தார். கடைசியில் ஸுலேமா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டுப் படித்தார். முகம் சுருங்கியது.

"நோல்ஃபா, இதென்ன வெறும் கம்பிலாய்? எங்கம்மா வழிப் பேரு அல்கின்டா எங்க போச்சு? ஊருல இன்னொரு ஸுலேமா கம்பிலாய் இருக்கா, பஞ்சாயத்து ஆபீசுல. அவளுக்கு நன்றி சொன்ன மாதிரில்ல ஆயிடுச்சு!"

நோல்ஃபா இதழை வாங்கிப் பார்த்தார். சூப்பை நகர்த்தி வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

"சரி, அதுக்கும் ஒரு திருத்தம் போட்டுடலாம்" என்று சொல்லி, அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார்.